கதவுக்குள் இருந்தவை

கோலார் தங்கவயல் என்றால் வெளியூரார் பொன்னை நினைக்கின்றனர். அங்கே பிறந்து வளர்ந்த எங்கள் மூவருக்கும் முதலில் நினைவுக்கு வருவது இரும்புதான். சுரங்க வாயில்களின் மீது நின்ற நெடிய இரும்புக் கோபுரங்கள், அவற்றின் உச்சியில் சுழன்ற சக்கரங்கள், பட்டறையிலிருந்து காற்றில் மிதந்து வந்த சம்மட்டி ஓசை, வேலை முடிந்து திரும்பும் தந்தையின் சட்டையில் இருந்த எண்ணெய் மணம் இவையே எங்கள் தங்கவயல். பொன் எங்கள் லைன் வீடுகளின் வழியாக வந்ததே இல்லை. அது எங்கிருந்து வந்து எங்கே போயிற்று என்பதைக் காவலர் அறிவர், கணக்கர் அறிவர்.

1880-ஆம் ஆண்டு முதல் ஜான் டெய்லர் நிறுவனத்தார் நடத்திய அச்சுரங்கங்களுக்கு வடார்க்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிகளிலிருந்து கூட்டங்கூட்டமாக மக்கள் வந்தனர். அப்படி வந்தவர்களுள் எங்கள் பாட்டனாரும் ஒருவர். அவர் சுரங்கத்துக்குள் இறங்கினார். அவர் மகனாகிய எங்கள் தந்தை இறங்கவில்லை. மேலே பட்டறையில் ஃபிட்டராக அமர்ந்தார். சிவசமுத்திரத்து நீர்வீழ்ச்சியிலிருந்து 1902-இலேயே மின்சாரம் வந்து சேர்ந்த ஊர் அது. எனவே இயந்திரங்களுக்கும் குறைவில்லை. அவற்றைப் பழுது பார்க்கத் தெரிந்த கைகளுக்கும் குறைவில்லை.

1956-இல் மைசூர் அரசு சுரங்கங்களை ஏற்றுக்கொண்டபோது வெள்ளைக்கார அதிகாரிகள் பலர் மூட்டை கட்டினர். பங்களாக்களின் முற்றங்களில் ஏலம் நடந்தது. மேசை, நாற்காலி, பியானோ, பீங்கான் என்று எடுத்தவர் எடுத்தனர். எங்கள் தந்தையும் அவருடைய இரு தோழர்களும் சேர்ந்து, ஓடாத மோரிஸ் டென் மகிழுந்து ஒன்றை ஏலத்தில் எடுத்தார்கள். ஓடாது என்பதால்தான் அது அவர்கள் கைக்கு எட்டும் விலையில் இருந்தது. எம் வரிசை என்று சொல்லப்பட்ட அந்த வண்டி 1938-இல் முதன்முதல் வெளிவந்தது. அடிச்சட்டமும் கூடும் தனித்தனியாக இல்லாமல் ஒரே உடலாக அமைந்தது அதன் சிறப்பு. எஞ்சின் 1140 சி.சி. நம் நாட்டில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் தொடக்கத்தில் ஹிந்துஸ்தான் டென் என்ற பெயரில் வெளியிட்டதும் இதே இனம்தான்.

மூன்று குடும்பங்களுக்கும் பொதுவான அவ்வண்டி ஏறக்குறைய எங்கள் லைன் முழுவதற்கும் பொதுவானதாயிற்று. திருமணத்துக்கு மாப்பிள்ளை அழைக்கவும், பங்காருப்பேட்டை ரயிலடிக்கு விருந்தினரை ஏற்றிவரப் போகவும், நள்ளிரவில் பிரசவ வலி கண்ட பெண்ணை ஆசுபத்திரிக்குக் கொண்டு செல்லவும் அது ஓடிற்று. வாடகை என்று எவரும் கொடுத்ததாக நினைவில்லை. பெட்ரோல் ஊற்றுவார்கள், சில வேளை ஒரு படி நிலக்கடலை வீட்டுக்கு வரும். 1973-க்குப் பின் பெட்ரோல் விலை ஏறியபோது ஓட்டம் குறைந்தது. பிறகு நின்றே போயிற்று. தோழர் இருவரும் தத்தம் பங்கைத் தந்தையிடமே விட்டுவிட்டு ஊர் மாறினர். ஆண்டர்சன்பேட்டையில் தகரக் கூரை வேய்ந்த கொட்டகை ஒன்றில் வண்டி நின்றது. தந்தை 1997-இல் மறைந்தார். 2001 பிப்ரவரி 28-ஆம் நாள் சுரங்கமும் மூடப்பட்டது. மாரிக்குப்பம் ரயிலைப் பிடித்துப் பெங்களூருக்கு வேலைக்குப் போய் வந்தவர்கள், நாளடைவில் அங்கேயே குடியேறிவிட்டார்கள். நாங்களும் அவ்வாறே. வண்டி மட்டும் இடம் பெயரவில்லை.

2021-இல் நடுவண் அரசு பழமையான ஊர்திகளுக்கெனத் தனி விதிகளை வெளியிட்டது. முதற்பதிவு முடிந்து ஐம்பது ஆண்டு கடந்த வண்டியைப் புதிதாகப் பதியக் கட்டணம் 20,000 ரூபாய். பதிவு பத்தாண்டுக்குச் செல்லும். எண் பலகையில் வி.ஏ. என்னும் எழுத்துகள் வரும். காட்சிக்கும் பேரணிக்கும் தவிர நாள்தோறும் ஓட்டலாகாது. இச்செய்தியை நாளிதழில் படித்த எங்கள் மூத்தவர் மறுநாளே தொலைபேசியில் அழைத்து, “அப்பா வண்டியை எழுப்பிவிடலாமா?” என்றார். அந்த ஒரு சொல்லுக்காகவே காத்திருந்தவர்போல இளையவர் இசைந்தார். நடுவில் பிறந்த சகோதரி, “அம்மா இருக்கும்போதே செய்யுங்கள்” என்றார். எங்களுள் எவரும் மெக்கானிக் அல்லர் என்பதைச் சொல்லிவிடுவது நல்லது. ஒருவர் வங்கியிலும் ஒருவர் அச்சகத்திலும் ஒருவர் பள்ளியிலும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள்.

எஞ்சின்தான் பெரும் தொல்லை தரும் என்று அஞ்சினோம். உண்மையில் எஞ்சினை அறிந்தவர்கள் பெங்களூரில் இன்னும் இருக்கிறார்கள். ஆனால் அங்கேயும் ஒரு சிறு பொருள் எங்களைப் பாடாய்ப்படுத்திற்று. ஸ்பேனர் சரியாகப் பொருந்துகிற போல்ட்டுக்குக் கடையில் வாங்கிய நட் ஏறவில்லை. இரண்டு சுற்றுப் போகும். பிறகு இறுகி நிற்கும். காரணத்தைப் பட்டறை முதியவர் ஒருவர் சொல்லக் கேட்டபோது சிரிப்பதா வியப்பதா என்று தெரியவில்லை. முதல் உலகப் போரின்போது ஹாட்ச்கிஸ் என்னும் பிரெஞ்சு ஆயுத நிறுவனம் இங்கிலாந்தில் கவென்ட்ரி நகரில் ஆலை அமைத்தது. போர் முடிந்து ஆலை சும்மா கிடந்தபோது மோரிஸ் வண்டிகளுக்கு எஞ்சின் செய்யத் தொடங்கியது. 1923-இல் மோரிஸ் அந்த ஆலையையே வாங்கிவிட்டார். ஆலையின் இயந்திரங்களோ பிரெஞ்சு முறையில் மில்லிமீட்டர்க் கணக்கில் மறை வெட்டுபவை. இங்கிலாந்துப் பட்டறைகளில் இருந்தவையோ அங்குலக் கணக்கு ஸ்பேனர்கள். எனவே மறை பிரெஞ்சு, தலை ஆங்கிலம் என்று ஒரு கலப்பு மணம் செய்துவைத்தார்கள். அம்மரபு பல ஆண்டு நீடித்தது. நம் கடைகளில் கிடைக்கும் 8 மில்லிமீட்டர் போல்ட்டின் மறை 1.25 மில்லிமீட்டர் இடைவெளி உடையது. இவ்வண்டியினதோ 1 மில்லிமீட்டர். லேத் வைத்திருந்த அன்பர் ஒருவர் தேவையானவற்றை வெட்டிக் கொடுத்தார். அச்சிக்கல் அதோடு தீர்ந்தது.

தீராத சிக்கல் கதவில் இருந்தது.

கதவின் உட்பக்கத்தில் ரெக்சின் போர்த்திய அட்டை ஒன்று உண்டு. அதை இரும்புச் சட்டத்தோடு பிடித்து நிறுத்துபவை சிறுசிறு கிளிப்புகள். வில் எஃகுப் பட்டையை மடித்து, வேலின் தலைபோல இருபுறமும் தோள் புடைத்திருக்கச் செய்வார்கள். அடிப்பகுதி அட்டையின் துளைக்குள் நழுவி நிற்கும். தலை கதவுச் சட்டத்தின் ஓட்டைக்குள் அழுந்தி, உள்ளே சென்றதும் விரிந்து பற்றிக்கொள்ளும். வெளியே ஒன்றும் தெரியாது. திருகு இல்லை, ஆணி இல்லை. அவை இருக்கின்றன என்பதே அவை இல்லாதபோதுதான் தெரியும்: மேடு பள்ளத்தில் கதவு கடகடவென்று ஆடும்.

ஓட்டுநர் பக்கத்துக் கதவின் அட்டையைத் திருப்புளியால் நெம்பி எடுத்தோம். பதினொரு கிளிப்புகள் இருந்தன. மூன்று ஆலையிலிருந்து வந்தவை. ஏழு, கையால் செய்தவை. அவற்றின் விளிம்பில் அரத்தின் தடம் தெளிவாகத் தெரிந்தது. ஒவ்வொன்றும் மயிரிழை அளவுக்கு வேறுபட்டிருந்தது. அந்த அரத்தடம் யாருடையது என்று எவரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வீட்டுத் தாழ்ப்பாளிலும் அரிவாள்மனையிலும் அதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். பதினொன்றாவது ஒரு கொண்டை ஊசி. கறுத்து வளைந்து, அட்டையோடு அட்டையாய் ஒட்டிக் கிடந்தது.

நான்கு கதவுகளையும் திறந்து கணக்கெடுத்தோம். நாற்பத்து நான்கு ஓட்டைகளில் ஆலைக் கிளிப்புகள் ஒன்பது, தந்தையின் கை பட்டவை இருபத்தாறு, கொண்டை ஊசி ஒன்று. எட்டு ஓட்டைகள் வெறுமை. நெம்பியபோது எங்கள் அவசரத்தால் தந்தையின் கிளிப்புகள் நான்கு முறிந்துவிட்டன. கிளிப்பின் அடியிலேயே நெம்புகோலைக் கொடுத்துத் தூக்க வேண்டும் என்பது அப்போது எங்களுக்குத் தெரியாது. அட்டையின் விளிம்பைப் பற்றி இழுத்தோம். முறிந்த ஓசை சிறியதுதான். ஆனால் எங்களுள் எவரும் சிறிது நேரம் மற்றவர் முகத்தைப் பார்க்கவில்லை. ஆலைக் கிளிப்புகளிலும் நான்கு துருப்பிடித்துத் தொட்டதும் உதிர்ந்தன.

ஆகப் பதினாறு கிளிப்புகள் வேண்டும். உள்ளங்கையில் அடங்கும் பொருள். அதைத் தேடி எட்டு மாதம் அலைந்தோம்.

பெங்களூர் ஜே.சி. ரோட்டில் மோட்டார் உதிரிப் பொருட்கடைகள் வரிசையாக உள்ளன. கடைக்குக் கடை ஏறி இறங்கினோம். மாதிரியைக் கையில் வாங்கிப் பார்த்த கடைக்காரர்களுள் இளைஞர்கள், “இது என்ன சார்?” என்றனர், வயதானவர்கள், “இது எங்கே சார் கிடைத்தது?” என்றனர். ஒருவர் அன்போடு ஒரு பை நிறைய மாருதி வண்டியின் பிளாஸ்டிக் கிளிப்புகளைக் கொடுத்து, பயன்பட்டால் பணம் தரலாம் என்றார். கிளை கிளையாய்ச் செதில் உள்ள அவை இக்காலக் கதவின் ஓட்டைக்குக் கச்சிதமானவை. எங்கள் கதவில் அழுத்தியபோது உள்ளே போயின; கதவை ஒருமுறை சாத்தியதும் வெளியே வந்தன. சென்னைக்குச் சென்று புதுப்பேட்டையிலும் ஒரு முழு நாள் தேடினோம். அங்கே உடைத்துப் போட்டிருந்த பழைய அம்பாசிடர் கதவுகளிலிருந்து சில கிளிப்புகள் கிடைத்தன. அளவு சேரவில்லை. அவற்றை இன்னும் வைத்திருக்கிறோம். ஏன் என்று கேட்டால் விடை இல்லை.

கடைசியில் இங்கிலாந்திலிருந்து தருவித்தோம். அங்கே பழைய வண்டிகளுக்கான உதிரிப் பொருள்களை இன்றும் புதிதாகச் செய்து விற்கிறார்கள். ஐம்பது கிளிப்புகள் கொண்ட பொட்டலம் வந்து சேர்ந்தது. பொருளின் விலையைவிட அஞ்சற் செலவும் சுங்கமும் மிகுதி. பளபளவென்று, ஒன்றைப்போல ஒன்றாய், பார்க்கவே அழகாக இருந்தன. மகிழ்ச்சியோடு பொருத்தத் தொடங்கினோம். நான்கு மட்டுமே நின்றன. மற்றவை தளர்ந்து விழுந்தன. காரணம் பிறகுதான் புரிந்தது. ஆலைக் கிளிப் தளர்ந்த இடத்திலெல்லாம் தந்தை ஓட்டையை அரத்தால் சற்றே பெரிதாக்கி, அதற்கேற்பப் பெரிய கிளிப்பைச் செய்து போட்டிருந்தார். வெறுமையாய்க் கிடந்த எட்டையும் துரு அகலமாக்கிவிட்டிருந்தது. இங்கிலாந்துக் கிளிப்புக்கு வேண்டிய கதவு எங்களிடம் இல்லை.

இங்கேதான் எங்களுக்குள் பிளவு ஏற்பட்டது. மூத்தவர் ஒரே போக்காகச் சொன்னார்: “ஓட்டைகளை எல்லாம் வெல்டு வைத்து அடைத்து, பழைய அளவில் மறுபடி துளையிடுவோம். ஐம்பது கிளிப் இருக்கிறது. நாற்பத்து நான்கையும் புதிதாகப் போடுவோம். பேரணிக்குப் போனால் நடுவர்கள் ஒவ்வொரு திருகையும் பார்த்து மதிப்பெண் போடுகிறார்கள்.” இளையவர் எதிர்த்தார். பழைய ஊர்திகளுக்கான உலகக் கூட்டமைப்பாகிய ஃபிவா 2012-இல் ஏற்றுக்கொண்ட தூரின் சாசனத்தை அவர் எங்கிருந்தோ தேடிப் படித்திருந்தார். வண்டி உழைத்த காலத்தில் அதில் செய்யப்பட்ட பழுதுபார்ப்பும் அதன் வரலாற்றின் பகுதியே என்பது அச்சாசனத்தின் போக்கு. அரசு விதியும் அடிச்சட்டம், கூடு, எஞ்சின் ஆகியவற்றில் பெரும் மாற்றம் கூடாது என்கிறதே தவிரக் கிளிப்பை எண்ணிப் பார்ப்பதில்லை. பேச்சு வளர்ந்தது. சாசனத்தையும் விதியையும் விட்டு, யார் தந்தையின் கடைசி நாட்களில் அருகே இருந்தார், யார் இல்லை என்ற இடத்துக்கு அது எப்படி வந்து நின்றதென்று எங்களுக்கே தெரியவில்லை. இரண்டு மாதம் கொட்டகைப் பக்கம் யாரும் போகவில்லை.

சகோதரிதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவை அழைத்துக்கொண்டு கொட்டகைக்கு வந்தார். எங்களையும் வரச் செய்தார். அம்மாவுக்கு அப்போது எண்பத்து நான்கு வயது. தட்டில் பரப்பியிருந்த கிளிப்புகளை அவர் பார்க்கவே இல்லை. கொண்டை ஊசியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

“இது என்னோடதுடா” என்றார்.

நாங்கள் காத்திருந்தோம். அம்மா கொட்டகை வாசலில் நாற்காலியைப் போடச் சொல்லி அமர்ந்தார்.

“மூணாவது லைன் அக்காவுக்கு வலி எடுத்த ராத்திரி. நல்ல மழை. நான்தான் கூடப் போனேன், முன்னால உட்கார்ந்துகிட்டு. அந்தக் கதவு அட்டை பிதுங்கி வந்து கண்ணாடிக் கைப்பிடியை அமுக்கிக்கிச்சு. கண்ணாடி ஏறவே இல்லை. மழையெல்லாம் உள்ளே. உங்க அப்பா வண்டியை நிறுத்திட்டு, ‘ஊசி ஒண்ணு குடு’ன்னார். தையல் ஊசியா கேக்கறார்னு நினைச்சேன். என் கொண்டையில இருந்து அவரே உருவிக்கிட்டார். வளைச்சுச் சொருகி அட்டையைக் குத்தினார் பாரு, நின்னுடுச்சு. மறுநாள் நல்லதா ஒண்ணு செஞ்சு போடறேன்னார்.” சற்று நிறுத்தி, “செய்யவே இல்லையே, மனுஷன்” என்றார்.

மூத்தவர் எழுந்து கொட்டகைக்கு வெளியே போனார். வெகு நேரம் கழித்துத் திரும்பி வந்து, “வெல்டு வேண்டாம்” என்று மட்டும் சொன்னார்.

இனிச் செய்ய வேண்டியது, தந்தை செய்ததுபோலச் செய்வது. பட்டறையில் தந்தையிடம் தொழில் பழகி, பின்னர் 1964-இல் தோன்றிய பெமல் தொழிற்சாலையில் சேர்ந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் ராபர்ட்சன்பேட்டையில் இருந்தார். அவரை மாமா என்றே அழைத்து வளர்ந்தோம். கிளிப்பைக் கையில் வைத்ததுமே அவர் முகம் மலர்ந்தது. “கடிகார வில் இது. அண்ணன் கழிவு இரும்பிலிருந்து கேட்டு வாங்குவார். வாசலில் சோதனை போடுவானே. துண்டுச் சீட்டு எழுதி வாங்கிக்கொண்டுதான் வெளியே வருவார். ஒரு முழ வில்லுக்கு ஒரு சீட்டு!” என்றார். தங்கம் தோண்டும் ஊரில் பழைய கடிகார வில்லுக்குச் சீட்டு வாங்கிய அந்த மனிதரை எண்ணி நாங்கள் சிரித்தோம்.

அவர் கற்றுக்கொடுத்த முறையைச் சற்று விரிவாகவே எழுதிவைக்கிறோம். தேவைப்படுவார் யாரேனும் இருக்கலாம். வில் எஃகை இருந்தபடியே மடித்தால் முறியும். முதலில் அதைக் கரியடுப்பில் சிவக்கக் காய்ச்சி, சாம்பலுக்குள் புதைத்து, ஓர் இரவு மெல்ல ஆறவிட வேண்டும். அப்போது அது மென்மையாகும். பிறகு வெட்டி, குறட்டாலும் ஓர் இரும்புக் கம்பியின் மேல் வைத்தும் வடிவத்துக்கு மடித்து, விளிம்பை அரத்தால் தேய்க்க வேண்டும். மீண்டும் செர்ரிப் பழச் சிவப்பு வரும்வரை, ஏறக்குறைய 800 பாகை செல்சியஸ், காய்ச்சி எண்ணெயில் தோய்த்தால் கண்ணாடிபோல் கடினமாகிவிடும். அந்நிலையில் அது பயனற்றது. கீழே விழுந்தாலே உடையும். எனவே உப்புத்தாளால் தேய்த்து வெள்ளையாக்கி, மணல் பரப்பிய தட்டில் வைத்து இளஞ்சூட்டில் வாட்ட வேண்டும். முதலில் வைக்கோல் நிறம் வரும், அடுத்துப் பழுப்பு, அதன்பின் ஊதா, கடைசியாக நீலம். நீலம் தோன்றும் நொடியில், 300 பாகையை ஒட்டி, எடுத்துவிட வேண்டும். நீலம் வெளிறிச் சாம்பல் நிறமானால் வில் செத்துவிட்டது என்பார் மாமா. பட்டப்பகலில் நிறம் தெரியாது என்று அந்தி வேளையில்தான் அடுப்பு மூட்டுவார்.

எங்கள் முதல் ஐந்து கிளிப்புகள் வீணாயின. மூன்று உடைந்தன, இரண்டு விரியாமல் துவண்டு கிடந்தன. “உங்க அப்பாவும் கொஞ்சமா வீணாக்கினார்? நீங்கள் பார்த்தது நின்றதை மட்டும்தானே” என்று மாமா தேற்றினார். இதுவரை நாங்கள் எங்கள் முன்னோரை அந்தக் கோணத்தில் எண்ணிப் பார்த்ததில்லை. அதன்பின் செய்த ஒன்பதும் நின்றன. அச்சகத்தில் எழுத்துக் கோத்த விரல்களுக்கு இவ்வேலை விரைவில் படிந்தது. வங்கிக்காரருக்குச் சற்று நாளாயிற்று. ஆயினும் அடுப்பின் முன் நீலத்துக்காகக் கண்ணிமைக்காமல் காத்திருப்பதில் எங்கள் மூத்தவரை மிஞ்ச ஆளில்லை.

இடையில் ஒரு சிறு கண்டுபிடிப்பு. டிக்கியின் மூடியிலிருந்த பெயர்ச்சின்னத்தின் பின்னால், நட் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு நாக்குகள் வெட்டிய தகடு ஒன்று இருந்தது. தந்தையின் தந்திரம் என்றே நினைத்துப் பெருமைப்பட்டோம். கிளீவ்லாந்து நகரத்து ஆல்பர்ட் டின்னர்மன் என்பவர், இறுக்கினால் பீங்கான் பூச்சு உடைகிறதே என்று அடுப்புகளுக்காகக் கண்டுபிடித்த நட் அது என்றும், பின்னர் அதுவே மோட்டார் வண்டிகளுக்கும் விமானங்களுக்கும் பரவிற்று என்றும் மாமா சொன்னபோது பெருமை கொஞ்சம் குறைந்தது. ஆனால் மூலத்தைக் கூர்ந்து நோக்கிய மாமாவே, “தகடு மட்டும் பிஸ்கோத்து டப்பா” என்றார். பின்புறத்தில் சிவப்பு எழுத்தின் பாதி தெரிந்தது.

முன் கதவுகள் இரண்டும், பின்னால் வலக் கதவும் முடிந்துவிட்டன. அட்டைக்குப் புது ரெக்சின் போட்டாயிற்று. உள்ளே பழைய கிளிப்புகளும் புதியவையும் இங்கிலாந்திலிருந்து வந்த நான்கும் கலந்து நிற்கின்றன. கொண்டை ஊசியைத் திருப்பித் தரட்டுமா என்று அம்மாவைக் கேட்டோம். “எனக்கு எதுக்கு? கொண்டையா இருக்கு இப்போ?” என்று நரைத்த குட்டை முடியைத் தொட்டுக் காட்டினார். அது இருந்த இடத்திலேயே, ஓட்டுநர் பக்கத்துக் கதவில், மேலிருந்து நான்காவது ஓட்டையில் இருக்கிறது.

பின்னால் இடக் கதவுக்கு இன்னும் மூன்று கிளிப்புகள் வேண்டும். கடிகார வில் தீர்ந்துவிட்டது. பழைய சாவிக் கடிகாரம், ஓடாததாயினும் சரி, இந்த மலரைப் படிக்கும் குடும்பத்தார் எவர் வீட்டுப் பரணிலாவது கிடந்தால் சொல்லியனுப்புங்கள். அந்தி வேளைகளில் நாங்கள் கொட்டகையில்தான் இருப்போம்.